தேதி இல்லாத நிகழ்ச்சிகள்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

டிசம்பர் பிறந்துவிட்டால் பத்திரிகை, டிவி, வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் ஒரே வேலைதான். இந்த ஆண்டின் முக்கிய நிகழ்வுகள் பத்து, இருபது, ஐம்பது என்று பட்டியல் போடுவார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கும். தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அது சோறு மாதிரி.

என் பழைய மாணவி ஒருத்தி டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறாள். திருக்கழுக்குன்றம் பக்கம் கல்யாணமாகிப் போனவள், இரண்டு பிள்ளைகள். ராத்திரி அவர்கள் தூங்கிய பிறகு படிக்கிறாள். ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியாக நிகழ்வுகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். போன வாரம் 2019-ஆம் ஆண்டுப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பி, "டீச்சர், இதுல எது விட்டுப்போச்சுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டாள்.

பார்த்தேன். கையெழுத்து இன்னும் அதே குண்டு குண்டு எழுத்து. தேதிகள் எல்லாம் சரி. தேர்வுக்கு இது போதும் என்று பதில் போட்டுவிட்டேன். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு என் முழுப் பதில் அது இல்லை. அந்தப் பட்டியலில் தேதி உள்ள நிகழ்ச்சிகள் எல்லாம் இருந்தன. தேதி இல்லாதவை எல்லாம் விட்டுப்போயிருந்தன. நம் செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கத்து வாழ்க்கையை மாற்றியவை பெரும்பாலும் அந்த இரண்டாம் வகைதான் என்பது என் கருத்து. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

ஏன் 2019? அவள் அனுப்பியது அந்த ஆண்டு என்பது ஒரு காரணம். நம் மாவட்டம் பிறந்த ஆண்டும் அதுதான். மாமல்லபுரத்தை உலகமே பார்த்த ஆண்டும் அதுதான். மே 31-இல் நான் ஓய்வு பெற்றதும் அந்த ஆண்டுதான், அதை எந்தப் பட்டியலிலும் சேர்க்க வேண்டாம்!

முதலில் பட்டியலை ஒருமுறை வேகமாகப் பார்த்துவிடுவோம்.

ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. அதே மாதம் 22 முதல் 30 வரை ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம். பழைய ஓய்வூதியத் திட்டம் வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. 2003 ஏப்ரல் 1-க்கு முன்னால் வேலைக்கு வந்ததால் எனக்கு அந்த ஓய்வூதியம் உண்டு. பக்கத்து வகுப்பு டீச்சருக்குக் கிடையாது. ஒரே பள்ளி, ஒரே சாக்பீஸ், ஒரே வேலை.

பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதல். மத்திய ரிசர்வ் போலீஸ் படை வீரர்கள் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள். பிப்ரவரி 26 பாலாகோட். மறுநாள் பிடிபட்ட விங் கமாண்டர் அபிநந்தன் மார்ச் 1 இரவு வாகா எல்லை வழியாகத் திரும்பி வந்தார். ஏப்ரல் 18 தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல். திருப்போரூர் தொகுதிக்காரர்களுக்கு அன்றே சட்டமன்ற இடைத்தேர்தலும் சேர்ந்து வந்ததால் இரண்டு ஓட்டு. மே 23 முடிவு.

ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் காஞ்சிபுரம் அத்திவரதர் தரிசனம். 1979-க்குப் பிறகு 40 ஆண்டு கழித்து வந்தது. அந்த நாட்களில் நம் செங்கல்பட்டு ஜங்ஷனில் நிற்க இடமில்லாமல் கூட்டம் மாறிப் போனது ஞாபகம் இருக்கும். ஜூலை 22 சந்திரயான்-2 கிளம்பியது. செப்டம்பர் 7 அதிகாலை நிலவை நெருங்கிய நேரத்தில் விக்ரமோடு தொடர்பு அறுந்தது. ஆகஸ்ட் 5 காஷ்மீருக்கான 370-ஆவது பிரிவு பற்றிய முடிவு. செப்டம்பர் 19 கீழடி அறிக்கை, நம் சங்க கால நாகரிகத்தை கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை கொண்டு போனது. அக்டோபர் கடைசியில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காக நாடே தூங்காமல் இருந்தது. நவம்பர் 9 அயோத்தி தீர்ப்பு. டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம்.

பாருங்கள், ஒரே ஆண்டில் எவ்வளவு! இவற்றில் ஒவ்வொன்றைப் பற்றியும் உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கும் இருக்கும். அந்தச் சண்டைக்கு இந்தப் பதிவில் இடமில்லை.

நம் ஊர் இந்தியப் பட்டியலில் ஏறியது அக்டோபர் 11, 12 தேதிகளில். பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரம் வந்தார்கள். பிரதமர் வேட்டி கட்டியிருந்தார். அர்ஜுனன் தபசு, வெண்ணெய் உருண்டைக் கல், ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் என்று இருவரும் நடந்தார்கள். கோயிலுக்கு முன்னால் கலாக்ஷேத்ராவின் நிகழ்ச்சி. மறுநாள் கோவளத்தில் பேச்சு. பல்லவ மன்னன் ராஜசிம்மன் 8-ஆம் நூற்றாண்டில் சீனாவுக்குத் தூது அனுப்பிய கதையைப் பாடப்புத்தகத்தில் நடத்திய எனக்கு, டிவியில் பார்க்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அதற்கு முன் சில வாரங்களில் ஊரே புதுசானது. சாலை போட்டார்கள், சுவருக்கு வண்ணம் அடித்தார்கள். சாலையோரக் கடைகளை எடுத்தார்கள். அந்த நாட்களில் கடைக்காரர்களுக்கு வியாபாரம் இல்லை, மீனவர்களுக்குக் கடல் இல்லை. பிறகு சுற்றுலாக் கூட்டம் வந்தது, உண்மைதான். பிள்ளைகள் சறுக்கி விளையாடிய வெண்ணெய் உருண்டைப் பாறைக்கும் டிக்கெட் வந்தது.

சரி, இரு நாட்டு உறவு? எட்டு மாதம் கழித்து, 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. மாமல்லபுரத்தில் எடுத்த போட்டோ இன்றும் இணையத்தில் இருக்கிறது. அந்தப் போட்டோ சொன்னதாக நாம் நினைத்துக்கொண்டது நடக்கவில்லை. நடந்த தேதியில் ஒரு நிகழ்ச்சி எவ்வளவு பெரிசாகத் தெரிகிறது என்பது ஒரு கணக்கு. ஐந்து வருடம் கழித்து அதில் என்ன மிச்சம் என்பது வேறு கணக்கு.

இப்போது பட்டியலில் இல்லாததற்கு வருகிறேன். முதலில் தண்ணீர்.

2018-இல் நமக்கு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அது ஒரு நாளில் நடந்த விஷயமா? இல்லை. அக்டோபரில் "வரும்" என்றோம், நவம்பரில் "இனிமேல் வரும்" என்றோம், டிசம்பரில் பேச்சை விட்டுவிட்டோம். 2019 பிப்ரவரியில் கிணற்றுக் கயிற்றை நீட்டிக் கட்டினோம். ஏப்ரல் கடைசியில் ஃபானி புயல் நம் பக்கம் வரலாம் என்றபோது, புயலுக்குப் பயப்பட வேண்டிய கடற்கரைக்காரர்களே "வந்தாலாவது மழை பெய்யுமே" என்று பேசினார்கள். அது திரும்பி மே 3 அன்று ஒடிசாவில் பூரி அருகே கரை கடந்தது. அங்கே பெருத்த சேதம். இங்கே ஒரு சொட்டு இல்லை.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் நிரம்பினால் மொத்தம் 11,257 மில்லியன் கன அடி. அந்த ஜூன் மாதம் அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஓ.எம்.ஆர். சாலையில் ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. ஹோட்டல்களில் சாப்பாட்டு நேரத்தைக் குறைத்தார்கள். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர்.

என் மாணவியின் நோட்டில் அந்த ரயில் இருக்கிறது, ஏனென்றால் ரயிலுக்குத் தேதி உண்டு. தண்ணீர் தீர்ந்து போனதற்குத் தேதி இல்லை, அதனால் அது நோட்டில் இல்லை.

சென்னைக்கு அதாவது ரயில் வந்தது, டிவி கேமரா வந்தது. நம் பக்கம்? திருப்போரூர், கேளம்பாக்கம், செங்கல்பட்டு பக்கத்து வயல் கிணறுகளிலிருந்து ராவும் பகலும் லாரிகள் நகரத்துக்கு ஓடின. விற்றவரும் நம் ஆள்தான். பயிர் காய்ந்தபின் அவருக்கு வேறு வருமானம் இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் போரில் காற்று வந்ததும் நம் ஊரில்தான்.

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளி கடலுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளி. அந்த மார்ச் மாதம் வருகைப் பதிவேடு போடும்போது ஒன்றைக் கவனித்தேன். ஊருக்குத் தண்ணீர் லாரி வரும் நாளில் என் ஐந்தாம் வகுப்பில் பெண் பிள்ளைகள் வரமாட்டார்கள். வந்தாலும் பதினோரு மணிக்கு வருவார்கள். பதிவேடு பள்ளியில் இருக்கும். என் சொந்த டைரியில் எழுதியது என்னிடம் இருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி எழுதியிருக்கிறேன்: "லாரி வந்தது. பெண்கள் 7 பேர் வரவில்லை. பையன் 1." அந்த ஒரு பையன் வராததற்குக் காய்ச்சல் காரணம். பெண் பிள்ளைகள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். அம்மா வேலைக்குப் போக வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

இதைப் படிக்கிற உங்களில் அந்த ஏழு பேரில் யாராவது இருக்கலாம். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் வயது உங்களுக்கு. பின்னக் கணக்கு வரவில்லை என்று உங்களை யாராவது திட்டினால், அந்தப் பாடம் நடந்த நாட்களில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று எனக்குத் தெரியும். 2019-இன் முக்கிய நிகழ்வு என்ன என்று கேட்டால் நான் முதலில் எழுதுவது இதைத்தான்.

அதே ஜூனில் இன்னொன்று நடந்தது. நம் நெம்மேலியில் ஏற்கெனவே 2013 முதல் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருந்தது. பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இரண்டாவது நிலையத்துக்கு ஜூன் 27 அன்று அடிக்கல் வைத்தார்கள். 2024 பிப்ரவரியில் அது திறக்கப்பட்டது. தென்சென்னைக்கு அது பெரிய உதவி, மறுக்க முடியாது. ஆனால் நிலையத்தை ஒட்டியிருக்கும் சூலேரிக்காட்டுக்குப்பத்து மீனவர்கள் கடலரிப்பைப் பற்றியும் நிலத்தடி நீர் உப்பாவதைப் பற்றியும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். கடல் ஒரு வருடத்தில் எத்தனை அடி உள்ளே வந்தது என்பதற்கு யார் தேதி போடுவது?

வேடிக்கை பாருங்கள், அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரம் பக்கம் தெருக்களில் மழைத் தண்ணீர் நின்றது. ஜூனில் குடத்தோடு நின்றவர்கள் டிசம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். செங்கழுநீர்ப் பூ நிறைந்த ஊர் என்பதால் செங்கழுநீர்ப்பட்டு, அது மருவிச் செங்கல்பட்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். ரயிலில் வரும்போது கொளவாய் ஏரியைப் பார்த்ததும்தான் ஊர் வந்துவிட்டது என்று பையைத் தூக்குவோம். ஏரி மாவட்டம் நம்முடையது. அந்த ஊரில் தண்ணீர்ப் பஞ்சம், பிறகு வெள்ளம், இரண்டும் ஒரே காலண்டரில்.

இரண்டாவது, நடக்காமல் போன ஒரு நிகழ்ச்சி.

நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தமிழ்நாட்டின் 37-ஆவது மாவட்டமானது. அந்தத் தேதி என் மாணவியின் நோட்டில் சிவப்பு மையில் இருந்தது. எனக்கும் அன்று கண் கலங்கியது. நான் பிறந்தபோது எங்கள் ஊர் செங்கல்பட்டு மாவட்டம். 1997 ஜூலையில் மாவட்டத்தைப் பிரித்ததும் காஞ்சிபுரம் மாவட்டம் ஆனோம். 2019-இல் மறுபடி செங்கல்பட்டு. நான் வீடு மாறவே இல்லை, மாவட்டம்தான் என்னைச் சுற்றி மாறிக்கொண்டிருந்தது!

நன்மை இருக்கிறது. செய்யூர், கடப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு மனுவோடு காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸ் போக வேண்டும் என்றால் ஒரு நாள் கூலி போகும், இரண்டு பஸ் மாற வேண்டும். இப்போது செங்கல்பட்டு போதும். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அடுத்த மாதம் என்ன நடந்தது? டிசம்பர் 27, 30 தேதிகளில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பட்டியலில் இருக்கிறது. நம் மாவட்டத்தில் நடக்கவில்லை. பட்டியலில் இல்லை. புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களில் வார்டு வரையறை முடியவில்லை என்பதால், அவற்றையும் அவை பிரிந்து வந்த மாவட்டங்களையும் சேர்த்து ஒன்பது மாவட்டங்களில் தேர்தலைத் தள்ளி வைக்க உச்ச நீதிமன்றம் டிசம்பர் 6 அன்று உத்தரவிட்டது. நம்முடையதும் அதில் ஒன்று. நமக்குத் தேர்தல் நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்.

அதற்கு முந்தைய ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. ஆக ஐந்து ஆண்டு நம் கிராமங்களுக்குத் தலைவர் இல்லை, வார்டு மெம்பர் இல்லை. தனி அலுவலர்தான். டீச்சர் கணக்கில் சொல்கிறேன்: 2016-இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போனபோதுதான் அதன் ஊருக்குத் தலைவர் வந்தார்.

தனி அலுவலர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. ஓர் ஆள் எத்தனை ஊரைப் பார்க்க முடியும்? ஆனால் லாரி வராத நாளில் தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும். வார்டு மெம்பர் நல்லவரோ கெட்டவரோ, அவர் வீடு எது என்று தெரியும், அவர் வீட்டு அம்மாவும் அதே வரிசையில் குடத்தோடு நிற்பார். தண்ணீரே இல்லாத ஆண்டில் அந்தக் கதவும் இல்லாமல் போனது. முதலாவது நிகழ்ச்சியையும் இரண்டாவதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அந்த ஆண்டு நமக்கு என்ன என்று புரியும்.

உங்களில் சில பேரை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குச் சுற்றுலா அழைத்துப் போனேன், நினைவிருக்கிறதா? நம் ஊரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தியது. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, குடவோலை போட்டு ஆள் தேர்ந்தெடுக்கும் விதியைச் சுவரில் வெட்டி வைத்தார்கள். யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று அவ்வளவு கறாராக. எல்லோருக்கும் அதில் இடம் இருந்ததா என்றால் இல்லை, பெண்களுக்கு இல்லவே இல்லை. இருந்தாலும் அப்படித் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று என்ன தெரியுமா? ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அந்த ஆளை ஊர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது, யாரும் கவனிக்காத சின்னச் செய்தி.

2019 ஆகஸ்ட் 26 அன்று தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அன்று எத்தனை பேர் பார்த்தோம்? "பள்ளிக்கூடம் இருக்கும்போது டிவியில் பாடம் எதற்கு?" என்று டீச்சர்கள் நாங்களே கேட்டோம். அந்த டிசம்பர் 31 அன்று சீனாவின் வூஹான் நகரில் காரணம் தெரியாத நிமோனியா என்று உலக சுகாதார நிறுவனத்துக்குத் தகவல் போனது. நாம் அன்று ராத்திரி கேக் வெட்டினோம். ஆண்டு இறுதிப் பட்டியல்கள் எல்லாம் அதற்குள் அச்சாகி வந்துவிட்டன. 2020 ஜனவரி 30 கேரளத்தில் இந்தியாவின் முதல் தொற்று, மார்ச் 25 நாடு முழுக்க ஊரடங்கு. செல்போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கல்வித் தொலைக்காட்சிதான் பள்ளிக்கூடமானது.

2019-இல் உலகத்தையே புரட்டிய நிகழ்ச்சி 2019-இன் எந்தப் பட்டியலிலும் இல்லை. இதற்கு மேல் நான் என்ன உதாரணம் சொல்ல?

இதை முந்தாநாள் குடும்ப குரூப்பில் சுருக்கமாகப் போட்டபோது என் தம்பி சண்டைக்கு வந்தான். "அக்கா, உலகமே நம்ம ஊரைத் திரும்பிப் பாத்துச்சு. அதைப் போய்ச் சின்னதுன்னு சொல்றியே. லாரி வராதது எல்லா ஊர்லயும் நடக்குறதுதானே?" என்றான்.

அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பெரிய நிகழ்ச்சிகளைச் சின்னது என்று நான் சொல்லவில்லை. புல்வாமாவில் இறந்தவர்களின் வீட்டில் அந்தத் தேதி என்றைக்கும் மாறாது. சந்திரயான்-2 விழுந்தபோது பெரியவர்கள் அழுததைப் பார்த்தோம். சென்னையில் வேலை பார்த்த சண்முக சுப்பிரமணியன் என்ற பொறியாளர் நாசா வெளியிட்ட படங்களைத் தானே உட்கார்ந்து ஒப்பிட்டு விக்ரமின் சிதறலைக் கண்டுபிடித்தார், டிசம்பரில் நாசாவே அவர் பெயரைச் சொன்னது. 2023 ஆகஸ்ட் 23 சந்திரயான்-3 இறங்கியது. இதெல்லாம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியவை.

நான் சொல்வது இதுதான். பெரிய நிகழ்ச்சிகளை நினைவு வைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பத்திரிகை இருக்கிறது, விக்கிபீடியா இருக்கிறது, டி.என்.பி.எஸ்.சி. கைடு இருக்கிறது. லாரி வந்த செவ்வாய்க்கிழமையை நினைவு வைக்க நம்மைத் தவிர யாரும் இல்லை. "எல்லா ஊர்லயும் நடக்குறதுதானே" என்கிறான் தம்பி. ஆமாம், எல்லா ஊரிலும் நடந்ததால்தான் அது பெரிய நிகழ்ச்சி. ஒரே ஊரில் நடந்தால் செய்தி, எல்லா ஊரிலும் நடந்தால் "சகஜம்" என்று விட்டுவிடுகிறோம்.

விட்டுவிட்டால் என்ன நஷ்டம்? நஷ்டம் இருக்கிறது. நினைவு இல்லாவிட்டால் கேட்க முடியாது. அடுத்த முறை மழை பொய்க்கும்போது, "2019-லயும் இப்படித்தான் ஆச்சு, அப்ப என்ன செஞ்சீங்க, அதுக்கப்புறம் ஏரியை ஆழப்படுத்துனீங்களா?" என்று கிராம சபையில் எழுந்து கேட்க ஒருவருக்காவது ஞாபகம் இருக்க வேண்டும். கையில் ஒரு பழைய நோட்டு இருந்தால் இன்னும் நல்லது. அதிகாரி மாறுவார், தலைவர் மாறுவார், மாவட்டமே மாறும் என்று பார்த்துவிட்டோம். நோட்டு மாறாது.

அதனால் இந்த டிசம்பரில் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். ஓய்வு பெற்றாலும் வீட்டுப்பாடம் தரும் உரிமை எனக்குப் போகவில்லை.

உங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். ஒன்று, இந்த ஆண்டு நம் வீட்டுக்கும் ஊருக்கும் மெல்ல மெல்ல வந்தது என்ன? இரண்டு, நடந்திருக்க வேண்டியது எது நடக்கவில்லை? மூன்று, இப்போது சின்னதாகத் தெரியும் எந்தச் செய்தி நாளைக்குப் பெரிசாகும் என்று நினைக்கிறீர்கள்? மூன்றாவதில் தப்பாகச் சொன்னால் பரவாயில்லை, மார்க் குறைக்க மாட்டேன்.

முடிந்தால் அளந்தும் எழுதுங்கள். கிணறு இருக்கிறவர்கள் மே மாதம் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை கயிறு விட்டு எத்தனை முழம் என்று குறியுங்கள். குப்பத்தில் இருக்கிறவர்கள் வீட்டு வாசலிலிருந்து அலை வரை எத்தனை அடி என்று ஆண்டுக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். சிற்பக் கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள் கல் என்ன விலைக்கு வந்தது, எத்தனை நாள் வேலை இருந்தது என்று எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பெண்களே, எந்த மாதம் எந்தக் காய்ச்சல் அதிகம் வந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்கள் அம்மாவிடம் போனில் கேட்டு எழுதுங்கள். "இந்த வருஷம் என்ன விசேஷம்?" என்று கேட்டால் கல்யாணம், காதுகுத்து என்று சொல்வார்கள். "இந்த வருஷம் எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள்.

சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளே, நம் தாத்தா கணக்கு நோட்டில் எந்த வருஷம் எத்தனை மூட்டை நெல் என்று எழுதி வைத்ததால்தான் அந்தக் காலத்துப் பஞ்சம் எது, நல்ல வருஷம் எது என்று இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. அவர் படித்தது மூன்றாம் வகுப்பு.

கீழே கமெண்டில் உங்கள் 2019-ஐ எழுதுங்கள். இரண்டு வரி போதும். எந்த ஊரில் இருந்தீர்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் தூக்கினார்கள். எழுத்துப்பிழையைத் திருத்த மாட்டேன், பயப்படாதீர்கள். சிவப்பு மைப் பேனாவைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டேன்.

எல்லோரும் நன்றாக இருங்கள். மழைக்காலம், குடையை மறக்காதீர்கள்.